அடைமழையைக் கேளுங்கள்

கேள்வி: கடலூர் சாலையில் பேக்கரி வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறு நல்ல வியாபாரம். மாதக் கடைசியில் மைதா வாங்கக் காசில்லை. எந்தச் செலவில் கை வைப்பது?
– வாசகர், தவளக்குப்பம்

பதில்: அடைமழையில் ஒரு வாரம் கடையைச் சாத்திவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். செலவுகளை மூன்று பத்தியாக எழுதுங்கள். அப்போதும் கதவைத் தட்டும் வாடகை, சம்பளம், கடன் தவணை எல்லாம் முதல் பத்தி. மைதா, சர்க்கரை, கேஸ் அடுத்தது. விற்பனையோடு ஏறும், இறங்கும். புது போர்டு, சீரியல் லைட், தீபாவளி அன்பளிப்பு மூன்றாவது. இவை தள்ளிப்போட்டால் கோபித்துக்கொள்ளாது. ஓவன் சர்வீஸை மட்டும் அங்கே எழுதிவிடாதீர்கள். விருப்பச் செலவு போலத் தெரியும். ஒரு தட்டு பன் கருகும்போதுதான் அவசியம் புரியும்.

பாக்கி ஒன்று இருக்கிறது. கல்லாவிலிருந்து எடுத்த பிள்ளையின் டியூஷன் பணம், வீட்டு மளிகை. இது கடைச் செலவே இல்லை. கணக்கில் இதற்கு ‘எடுப்பு’ என்று பெயர். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு 2017 ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவும் உள்ளீட்டு வரி வரவு தருவதில்லை. உங்களுக்கென்று மாதச் சம்பளம் ஒன்றை முடிவு செய்து, 1ஆம் தேதியே எடுத்துக்கொள்ளுங்கள். மைதா எங்கே போனது என்று அடுத்த மாதமே தெரிந்துவிடும்.