பாட்டி தந்த ஜீனும் பக்கத்து வீட்டு அத்தையும்

போன இதழில் மனநோய் பற்றி ஒருவர் கேட்டதற்கு இரண்டே வரியில் பதில் சொன்னது என் தப்பு. தபால் பை முழுக்க அதே விஷயம். ஆகவே இந்த முறை இது மட்டும்தான். நடிகைகளைப் பற்றிக் கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும். அவர்கள் எங்கும் போய்விட மாட்டார்கள்.

கேள்வி: மனநோய் வருவது பரம்பரையாலா, வளர்ப்பாலா? ஒரே வார்த்தையில் பதில் தேவை.
(கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: ஆமாம்.

கேள்வி: மேற்படி கேள்விக்கு நீங்கள் மழுப்புவீர்கள் என்று தெரியும். விளக்கமும் தேவை.
(அதே மாணவர், அதே அஞ்சலட்டையின் அடிப்பகுதி)

பதில்: உஷாரான பிள்ளை! 1934இல் நார்வேயில் ஒரு தாய், மூளை வளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளை அஸ்பியோன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் கொண்டுபோனார். அவர்களிடம் ஏதோ ஒரு விநோத வாடை வருகிறது என்றார். மருத்துவர் சிறுநீரைச் சோதித்ததில் ஃபெனைல்கீட்டோனூரியா என்ற வாயில் நுழையாத நோய் பிடிபட்டது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்து சேர்ந்தால்தான் இது வரும். நூற்றுக்கு நூறு பரம்பரை. ஆனால் புரதத்தில் இருக்கும் ஃபெனைல்அலனின் என்ற ஒரு பொருளைப் பிறந்ததிலிருந்தே உணவில் குறைத்துவிட்டால், மூளை கெடுவதைத் தடுத்துவிடலாம். 1950களில் இந்தப் பத்தியத்தைக் கண்டுபிடித்தார்கள். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இது ஜீன் நோயா, சாப்பாட்டு நோயா? ஒரே வார்த்தையில்.

கேள்வி: மனச்சிதைவு 80 சதவீதம் பரம்பரை என்று படித்தேன். என் சித்தப்பாவின் நோயில் 80 சதவீதம் தாத்தா கொடுத்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?
(வங்கி ஊழியர், ஈரோடு)

பதில்: கூடாது. உங்கள் வங்கிக் கணக்கு இங்கே செல்லாது. ஒரு மனிதரின் நோயைக் கூறு போட்டுத் தரும் எண் அல்ல அது. ஒரு பெருங்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு ஜீன் வித்தியாசத்தோடு ஒத்துப்போகிறது என்பதைச் சொல்வது. ஓர் ஊரில் பாதிப் பிள்ளைகள் பட்டினி, மீதிப் பேருக்கு நெய்ச்சோறு என்றால், அங்கே உயர வித்தியாசத்துக்குச் சோறு பெரிய காரணம். எல்லோருக்கும் வயிறு நிறையச் சத்துணவு போடுங்கள். மிச்சமிருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஜீனால்தான் இருக்கும். யாருடைய ஜீனும் மாறவில்லை, பரம்பரைச் சதவீதம் மட்டும் ஏறிவிட்டது! மனச்சோர்வுக்கு இந்த எண் 40க்குப் பக்கத்தில் நிற்கிறது.

கேள்வி: பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். பையனுக்கு 31 வயது, நல்ல வேலை. ஆனால் அவனுடைய தாய்மாமனுக்கு மனச்சிதைவாம். கொடுக்கலாமா?
(ஒரு தகப்பனார், திருச்சி)

பதில்: ஊர் முழுக்க எடுத்தால் மனச்சிதைவு வருவது நூற்றுக்குச் சுமார் ஒருவருக்கு. மாமனுக்கோ சித்தப்பாவுக்கோ இருந்தால் அது இரண்டு, மூன்று என்று ஆகலாம். அதிலும் ஆண்களுக்குப் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டித்தான் தலைகாட்டும். 31 வயதில் உங்கள் பையன் அந்த மேட்டைப் பெரும்பாலும் தாண்டிவிட்டான். தாய்மாமன் வரைக்கும் துப்பறிந்த நீங்கள், பையன் குடிப்பானா, கோபம் வந்தால் கை நீளுமா என்றும் விசாரித்தீர்களா? உங்கள் மகளின் மனநலத்தை அதுதான் தீர்மானிக்கப்போகிறது.

கேள்வி: ஒரே முகமுள்ள இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் இன்னொருவருக்கும் நிச்சயம்தானே?
(செவிலியர், நாகர்கோவில்)

பதில்: இல்லை. இருவருக்கும் ஜீன் ஒன்றே, ஆனாலும் மனச்சிதைவு இருவருக்கும் வருவது பாதிக்குப் பாதிதான். அதற்கும் குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு.

இரட்டையரை விடுங்கள், நால்வர் கதை ஒன்று இருக்கிறது. 1930இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரே முகத்தோடு நான்கு பெண் குழந்தைகள் பிறந்தன. ஊரே கொண்டாடியது, மேடையேற்றி ஆடவும் பாடவும் வைத்தார்கள். இருபத்தைந்து வயதுக்குள் நால்வருக்கும் மனச்சிதைவு. 1950களில் அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் குடும்பத்தையே அழைத்து ஆராய்ந்தது. டேவிட் ரோசந்தால் 1963இல் அதைத் தடிமனான புத்தகமாக்கினார். அடையாளத்தை மறைக்கப் பெண்களுக்கு நோரா, ஐரிஸ், மைரா, ஹெஸ்டர் என்று பெயர் வைத்தார்; நிறுவனத்தின் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளே தலையெழுத்துகள். குடும்பத்துக்கு வைத்த 'ஜெனெய்ன்' என்ற பெயருக்கோ கிரேக்கத்தில் 'கொடிய பிறப்பு' என்று அர்த்தம். மறைக்கிற பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டார்கள்!

தீர்ப்பு அத்தனை சுலபமாக இல்லை. மைரா கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகள் பெற்று வாழ்ந்தார். ஹெஸ்டர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்க முடியவில்லை. ஜீன் நால்வருக்கும் ஒன்று, நோயின் வேகம் மட்டும் வேறு வேறு. வீடும் சாதாரண வீடு இல்லை. அப்பா குடிகாரர், எதிலும் சந்தேகம், பெண்களை ஓயாமல் கண்காணிப்பவர். ஜீன்காரர்கள் இந்தக் கதையைக் காட்டி "பார்த்தாயா" என்றார்கள். வளர்ப்புக்காரர்களும் இதே கதையைக் காட்டி "பார்த்தாயா" என்றார்கள்.

கேள்வி: அப்படியென்றால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லையா?
(வழக்கறிஞர், சேலம்)

பதில்: தத்துப் பிள்ளைகள்தான் வழி. மனச்சிதைவுள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்ட 47 குழந்தைகளை அமெரிக்காவில் லெனார்ட் ஹெஸ்டன் தேடிப் பிடித்தார். வளர்ந்தபின் அவர்களில் 5 பேருக்கு மனச்சிதைவு. நோயில்லாத தாய்மாருக்குப் பிறந்து அதேபோலப் பிரிந்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. 1966இல் இது வெளியானதும் வளர்ப்புக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள்.

கொஞ்ச காலம்தான். பின்லாந்தில் பெக்கா டியனாரி இன்னும் ஒரு படி மேலே போய், தத்தெடுத்த வீடு எப்படிப்பட்டது என்றும் பார்த்தார். நோயுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை நிம்மதியான வீட்டில் வளர்ந்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்தது. சண்டையும் குழப்பமுமான வீட்டில் போய் விழுந்த குழந்தைகளிடமே நோய் அதிகம் தெரிந்தது. அதே மோசமான வீட்டில் வளர்ந்தும், பரம்பரைச் சுமை இல்லாத பிள்ளைகள் பெரும்பாலும் தப்பித்தார்கள். நீங்கள் வழக்கறிஞர், கூட்டுச்சதி என்றால் புரியும்.

கேள்வி: என் ஒரே மகனுக்கு மனச்சிதைவு. "நீ வளர்த்த லட்சணம்" என்று என் கணவர் வீட்டார் எட்டு வருடமாகச் சொல்கிறார்கள். உண்மையா?
(ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: பொய், அம்மா. உங்கள் நாத்தனார் சொல்வதை 1948இல் ஒரு பெரிய மனநல மருத்துவரே சொன்னார், ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்று பெயர். 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்று ஒரு சொல்லையே புழக்கத்தில் விட்டார். முப்பது வருடம் அந்தச் சொல்லால் எத்தனையோ தாய்மார் செத்துப் பிழைத்தார்கள். பிறகு ஆதாரம் இல்லை என்று சத்தமில்லாமல் கைவிட்டார்கள்; யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. 'உண்டாக்கும் தகப்பன்' என்ற சொல் மட்டும் பிரபலமாகவே இல்லை, கவனித்தீர்களா?

ஒன்று மட்டும் நிரூபணமானது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரை ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தால் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பதை லண்டனில் ஜார்ஜ் பிரவுனின் ஆய்வுகள் காட்டின. நோயை யாரும் உண்டாக்கவில்லை, வாயை மட்டும் அடக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்து நாத்தனார் கண்ணில் படும்படி ஒட்டிவைக்க அனுமதி உண்டு.

கேள்வி: சோறு போட்டு, துணி எடுத்துக் கொடுத்தால் குழந்தை தானாக வளரும். எங்கள் காலத்தில் எந்த அப்பா கொஞ்சினார்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: அதைச் செய்து பார்த்த நாடு ஒன்று உண்டு ஐயா. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்புக்குத் தடை போட்டார். வளர்க்க முடியாத குழந்தைகள் அரசு விடுதிகளில் குவிந்தன. 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது விடுதிகளில் இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பால் கிடைத்தது, தொட்டில் கிடைத்தது. தூக்க ஆளில்லை. உள்ளே போனவர்களை உலுக்கியது அங்கிருந்த அமைதி. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தைகள் அழுவதையே நிறுத்தியிருந்தன.

2000ஆம் ஆண்டு சார்லஸ் நெல்சன் முதலிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்பு வீடுகளுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனவர்கள் அறிவிலும் ஒட்டுதலிலும் முன்னேறினார்கள். சில விஷயங்களில் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கே பலன் அதிகம். உங்கள் அப்பா கொஞ்சவில்லை, சரி. பாட்டி? அத்தை? இடுப்பை விட்டு இறக்காமல் தூக்கித் திரிந்த அக்கா?

கேள்வி: அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான். சரிதானே?
(பெயர் எழுதவில்லை)

பதில்: இதைச் சொல்லும் அண்ணன்களை மட்டுமே பார்த்திருக்கிறேன். அடிபட்ட தம்பி சொல்லிக் கேட்டதில்லை.

கேள்வி: சின்ன வயதில் நடந்ததை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அது எப்படி ஐம்பது வயதில் வந்து கடிக்கும்?
(வியாபாரி, சிவகாசி)

பதில்: 1980களில் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் எடை குறைக்கும் சிகிச்சை நடத்தினார். நன்றாக இளைத்துக்கொண்டிருந்தவர்களே பாதியில் ஓடினார்கள். ஏன் என்று உட்கார வைத்துக் கேட்டால், பலருக்குச் சிறுவயதில் பாலியல் கொடுமை நடந்திருந்தது. அவர்களுக்குக் கொழுப்பு ஒரு கவசம்! பிறகு 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் அடி, வசவு, குடி, பெற்றோர் பிரிவு என்று பட்டியல் போட்டுக் கேட்டார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களிடம் குடிநோயும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் பல மடங்கு என்று 1998இல் எழுதினார்கள். ஜாதகம்போல உங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துப் பயப்படாதீர்கள். கூட்டத்துக்குப் பொருந்துவது தனி ஆளுக்குப் பொருந்தாது. ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி: எச்சிலை அனுப்பினால் 'மனச்சோர்வு ஜீன்' இருக்கிறதா என்று சொல்கிறார்களாம். அனுப்பட்டுமா?
(ஐடி ஊழியர், சென்னை)

பதில்: 2003இல் நியூசிலாந்து ஆய்வு ஒன்று செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் சம்பந்தப்பட்ட ஒரு ஜீனைக் காட்டியதும் உலகமே குதித்தது. 2019இல் லட்சக்கணக்கானவர்களிடம் அந்த மாதிரி 18 பிரபல ஜீன்களைச் சோதித்தபோது, ஒன்றுகூடத் தேறவில்லை. மனச்சிதைவுக்கு மட்டும் 287 மரபணு இடங்களை 2022இல் பட்டியலிட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. எச்சிலை விழுங்கிவிடுங்கள். பணத்துக்கு நல்ல தலையணை வாங்கலாம்.

கேள்வி: பரம்பரை என்று தெரிந்தபின் இவர்களுக்குப் பிள்ளை பெறும் உரிமையே கொடுக்காமல் இருந்தால் நோய் ஒழியாதா?
(பொறியாளர், கோவை)

பதில்: ஜெர்மனியில் நாஜிகள் 1933இல் அதற்குச் சட்டம் போட்டார்கள். பிறகு நோயாளிகளைக் கொல்லவும் தொடங்கினார்கள். மனச்சிதைவு நோயாளிகளில் மட்டும் கொல்லப்பட்டவர்களும் மலடாக்கப்பட்டவர்களும் இரண்டு லட்சத்துக்கும் மேல். போர் முடிந்த பிறகும் அங்கே புதிய நோயாளிகள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. அம்மாவுக்கு மனச்சிதைவு இருந்தது. இரண்டு நாள் தூக்கம் வராவிட்டால்கூட 'ஆரம்பித்துவிட்டதோ' என்று நடுங்குகிறேன். பள்ளி நாட்களில் பக்கத்து வீட்டு அத்தைதான் எனக்குச் சாப்பாடு போட்டுத் தலை பின்னி அனுப்புவார். மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.
(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: உங்களைப் போல அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மனச்சிதைவு உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வருவதில்லை. கஞ்சா பக்கம் போகாதீர்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அது கூடுதல் ஆபத்து. நடுக்கம் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற அரசு எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

ஹவாயில் கவாய் என்றொரு தீவு. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார். மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் வறுமை, குடிகார அப்பா, மனநோயுள்ள அம்மா என்று பல சுமைகளோடு தொடங்கியவர்கள். அவர்களிலும் மூன்றில் ஒருவர் தடுமாறாமல் வளர்ந்து நின்றார்கள். அப்படி நின்றவர்களின் வாழ்க்கையைத் துருவினால், பெற்றோர் கைவிட்ட இடத்தில் ஒரு பாட்டியோ ஓர் ஆசிரியையோ அக்கம்பக்கத்தில் யாராவதோ இருந்தார்கள்.

சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முந்தின வரியைத் திரும்பப் படியுங்கள். அத்தை இன்னும் அதே வீட்டில்தானே இருக்கிறார்? தீபாவளிக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தலை பின்னிவிடச் சொல்லுங்கள்.