மஞ்சளைக் கண்டால் உரமா?

கேள்வி: ஆடலூரில் மண்ணில்லாமல் கரைசலில் கீரை வளர்க்கிறேன். இலை மஞ்சளாகிறது, புள்ளியும் விழுகிறது. உரத்தைக் கூட்டலாமா?

பதில்: காய்ச்சல்காரருக்கு இரண்டாவது பிரியாணியா? எந்த இலை என்று முதலில் பாருங்கள். அடியிலை வெளுத்தால் தழைச்சத்தோ மெக்னீசியமோ குறைவு. செடி அவற்றைக் கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். இரும்பு அப்படி எளிதில் நகராது. அதனால் அது குறைந்தால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, குருத்து வெளுக்கும். 'இரும்புதான் போட்டேனே' என்பீர்கள். கரைசலின் பி.எச். (அமில-கார அளவு) 7-ஐத் தாண்டினால் போட்ட இரும்பும் வேருக்குச் சரியாகக் கிட்டாது. 6-க்குப் பக்கத்தில் இறக்குங்கள். புள்ளி வேறு வழக்கு. உங்கள் மலையூர்க் காபி இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி இருந்தால் துருநோய்ப் பூஞ்சை. 1869-இல் இலங்கையில் தலைகாட்டி, அங்கே காபியை ஒழித்துத் தேயிலைக்கு இடம்விட்ட அதே ஆசாமி. கீரைக்கு அது தாவாது. ஆனால் கீரைக்கும் சொந்தப் பூஞ்சைகள் உண்டு. மலை ஈரம் அவற்றுக்கு விருந்து. புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி எறிந்து, காற்றோட்டம் கொடுங்கள். பி.எச். பார்க்காமல் அடுத்த உரப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள்.