கால்ல கோப்பி நட்ட மருமவன்

வாய்யா மருமவனே! தேயிலைய கவ்வாத்து வெட்டச் சொன்னா நேத்து கெண்டைக்கால வெட்டிக்கிட்ட ஆளு நீதானா? ஒக்காரு. வெட்டுல என்னாப்பா கறுப்பா? கோப்பித்தூளா! அடேங்கப்பா. 1869ல நம்ம மடுல்சீமைப் பக்கம் கோப்பி எலையில துரு நோய் கண்டுச்சு. அப்பறம் துரைமாரே கோப்பியக் கைவிட்டுட்டுத் தேயிலைக்கு மாறிட்டாங்க. நீ ஒருத்தன்தான் அதக் கால்ல நட்டுக் காப்பாத்தப் பாக்குற.

ஒன் வைத்தியத்துக்கு ஒடம்பு காத்துக்கிட்டு இருக்கலய்யா. வெட்டு விழுந்த ஒடனே ரத்தத்துல இருக்கிற தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டி ஓட்டைய அடைக்கும். அதுமேல ஃபைபிரின்னு ஒரு நூலு வலை பின்னும். கங்காணி கத்தல, பெரட்டுக்கு யாரும் பிந்தி வரல. அந்த வலையப் பின்னவிடாத சரக்கு அட்டையோட எச்சில்ல இருக்கு. அதான் அட்டை கழண்டு விழுந்த பொறவும் காலு வடிஞ்சுக்கிட்டே கெடக்கு.

செவந்து வீங்குதுன்னு அழுவுறியா? மொத ரெண்டு மூணு நாளு அப்பிடித்தான். வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த சதையையும் தின்னு தீக்குது. ஒன் கோப்பித்தூளையும் அதுகதான் வாரணும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம் கேக்கத் தெரியாத சீவனுங்க. நாம 2021ல ஆயிரம் ரூவா நாள் சம்பளத்தக் கண்ணுல காண எத்தன வருசம் கத்தினோம்! ஆனா செவப்பு பரவுனா, சீழு நாறுனா, காச்சல் அடிச்சா ஆஸ்பத்திரிதான். என்கிட்ட வராத.

மூணு நாலு நாள் போனா கொலாஜன்னு ஒரு நாரு ஊறி குழிய நெரப்பும். அதுக்கு புரதமும் விட்டமின் சீயும் வேணும். நீ கோதுமை ரொட்டியும் சாயத்தண்ணியும் குடுத்துட்டு புதுத்தோல் கேட்டா எங்க போவும்? பருப்பு, முட்டை தின்னு. வேலியோரம் கொய்யாப்பழத்த வௌவாலுக்கு விட்டுட்டு மாத்திரை தேடுற ஆளுதானே நீ. பொயலையக் கொஞ்ச நாளைக்கு விடு, அது ரத்தக் கொழாயச் சுருக்கும். நான் போடுறேனேன்னு பாக்காத. என் வாயால அடுத்தவனுக்குத்தான் காயம்.

காத்தாடப் போட்டா பொருக்கு தட்டி ஆறிடும்னு ஒன் ஆத்தா சொல்லுவா. 1962ல ஜோர்ஜ் வின்டர்னு ஒரு வெள்ளைக்காரர் பன்னித் தோல்ல சோதிச்சுப் பாத்தாரு. மூடி ஈரம் காயாம வெச்ச புண்ணு, காய விட்டதவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமா தோலு மூடிச்சாம். அந்தப் பன்னி பொருக்கப் பிச்சுப் பாத்துருக்காது. நீ பாப்ப.

மூணு வாரத்துல மூடிக்கிச்சுன்னு கூடையக் கட்டிக்கிட்டு பள்ளத்துல குதிக்காத. அப்ப அந்தத் தோலுக்கு பழைய பலத்துல அஞ்சுல ஒரு பங்குதான். வருசம் திரும்பினாலும் நூத்துக்கு எம்பதத் தாண்டாது.

சரி, கத்தி மண்ணுல கெடந்ததா? டெட்டனஸ் கிருமி மண்ணுல இருக்கு. ஊசி போட்டியா? தலைய ஆட்டாத, வாயத் தொறந்து சொல்லு. போடலையா! அந்தக் கோப்பிய ஆறவெச்ச தண்ணியும் சவுக்காரமும் போட்டுக் கழுவிட்டு சுத்தமான துணியக் கட்டு. பதுளை பஸ் வருது, ஏறு. இன்னிக்கே போனாத்தான் தையல் போடலாமான்னு டாக்டர் பாப்பாரு. கோப்பித்தூளு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டா மட்டும் மாமன் பேர இழுக்காத.