தட்டலிலக்கணம்

தட்டுதல் என்பது யாதெனின், நிலம் எடுத்துக்கொண்டதைப் பந்துக்குத் திரும்பக் கொடுப்பது. 1.8 மீட்டர் உயரத்திலிருந்து கைவிடப்படும் நல்ல கூடைப்பந்து, கட்டியான தரையில் பட்டு ஏறத்தாழ 1 மீட்டர்தான் எழும்பும். மீதியைத் தரையும் பந்தும் விழுங்கிவிடுகின்றன. விழுங்கிய அளவை ஒவ்வொரு தடவையும் விரல்கள் ஈடுசெய்தால் பந்து ஓயாது. ஈடு குறைந்தால் பந்து படுத்துவிடும். மிகுந்தால் நெஞ்சுக்கு மேலே எழுந்து கையைவிட்டுப் போய்விடும். இந்தக் கணக்கை நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டத் தேவையில்லை. பந்தை அதன் கையில் கொடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால் விரல்கள் தாமே கணக்குப் பார்க்கும்.

இந்த இலக்கணம் உடையார்கட்டுக்கு வரும்போது ஓர் இடர் எழுகிறது. இலங்கையின் வன்னியில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரத்து ஊர் இது. குளமும் வயலும் உள்ள ஊர். வன்னிப் பள்ளிக்கூட முற்றம் கோடையில் புழுதி, மாரியில் சேறு. பொலபொலத்த மண் பந்திடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒன்றையும் திருப்பித் தராது. ஆகவே கூடைப்பந்துத் திடல் வரட்டும், அதன் பிறகு பழக்கலாம் என்பார் உளர். அவர்களோடு நான் உடன்படவில்லை. திடல் ஆட்டத்துக்கு வேண்டும். தட்டுவதற்கு ஒரு பிள்ளை நிற்கும் அளவு சீமெந்து போதும். வகுப்பறை விறாந்தை, கிணற்றுக்கட்டைச் சுற்றிய தளம், நெல் காயப்போடும் களம் ஆகிய மூன்றில் ஒன்றாவது இல்லாத ஊர் வன்னியில் அரிது. திடலுக்குக் காத்திருந்தால், அது வருவதற்குள் இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும்.

கூடைப்பந்தைத் தோற்றுவித்தவரே தட்டுதலை எண்ணிப் பார்க்கவில்லை. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நைஸ்மித் 13 விதிகளை எழுதினார். பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறியவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சூழ்ந்து நிற்பவர்களிடமிருந்து தப்ப வழியில்லாத ஆட்டக்காரர்கள் பந்தை நிலத்தில் போட்டு, அது எழும்போது தாமே மறுபடி பிடித்தார்கள். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் அந்த எறிதான் தட்டுதலின் தொடக்கம். 1927 இல் அமெரிக்க விதிக்குழு, ஒரே ஒரு தட்டுக்கு மேல் கூடாது என்று முடிவெடுத்தது. பயிற்றுநர்கள் திரண்டு எதிர்த்தார்கள், முடிவு கைவிடப்பட்டது. அவர்களுள் ஒருவரான ஃபாக் அலன் முன்னின்று அமைத்த பயிற்றுநர் சங்கம் அந்த எதிர்ப்பிலே பிறந்தது.

எங்கள் பிள்ளைகளுக்கு நெருக்கமான பந்தாட்டம் வலைப்பந்து. அது கூடைப்பந்தின் தங்கச்சி. ஆனால் அங்கே பந்தைத் தட்டிக்கொண்டு நகர்வது குற்றம். தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து எழுந்து, 2018 இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் ஆடியதைப் பார்த்த பெண்பிள்ளைகள், பிடிப்பதையும் எறிவதையும் ஆசையோடு பழகுகிறார்கள். பழகட்டும். ஆனால் பந்தோடு நகரும் இன்பம் அவர்களுக்கு வேறெங்கிருந்து கிடைக்கும்? ஆரம்பப் பிரிவிலேயே கிடைக்கவேண்டும் என்பது என் துணிபு.

கால் வேலையைப் புதிதாகப் பழக்கத் தேவையில்லை. கிளித்தட்டு ஆடும் பிள்ளைக்கு அது தெரியும். மறிப்பவரின் தோள் சாயும் திசையைப் பார்த்து, மறுபக்கத்தால் கோட்டைக் கடப்பது எப்படி என்று அந்த ஆட்டம் எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டது. கையை மட்டும் சேர்த்தால் போதும்.

கைக்கு வருவோம். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் பந்தை அறைவார்கள். உள்ளங்கை பட்டுப் ‘பட்பட்’ என்று ஓசை வந்தால் அது பிழை. குட்டி ஆட்டின் தலையை விரல்களால் அமுக்கிப் பார்த்த பிள்ளைக்கு நான் சொல்வது விளங்கும்: அது திருப்பி முட்டும், முட்டலைக் கையில் வாங்கிக்கொண்டு மறுபடி அமுக்கவேண்டும். விரல்கள் விரிந்திருக்கும். பந்து இடுப்புக்கு மேலே ஏறாது, கால்களுக்கு நேர் முன்னே வராமல் பக்கவாட்டில் நிற்கும். பெரியவர்களின் பந்து 600 கிராம் அளவு கனம். சிறுவர்க்கென்றே 500 கிராமுக்குட்பட்ட, 70 செ.மீ. சுற்றளவான 5ஆம் எண் பந்து இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் கடையில் விற்கும் சாதாரண றப்பர் பந்தே போதும். எண்ணிக்கைதான் முக்கியம். 35 பிள்ளைகளுக்கு ஒரே பந்து என்றால், 40 நிமிடப் பாடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். மிச்ச நேரம் முழுவதும் வரிசையில் நிற்பதற்கு. வரிசையில் நிற்பது உடற்கல்வி ஆகாது.

இடக்கையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சோற்றிலும் கொடுக்கல் வாங்கலிலும் நாம் ஒதுக்கி வைத்த கை அது. தட்டுதலில் அதற்கு வலக்கையோடு சரிபாதி உரிமை. முதல் வாரத்திலேயே இரண்டு கையாலும் தட்டிய பிள்ளைக்குப் பின்னாளில் எந்தப் பக்கமும் அடைபடாது.

கடைசியாகக் கண். தட்டும்போது நிலத்தைப் பார்க்கக்கூடாது என்பது விதி. உடையார்கட்டில் இந்த விதியின் கனம் வேறு. 2009 ஜனவரியில், போரின் கடைசி மாதங்களில், அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் இந்த ஊரும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தற்காலிக மருத்துவமனை இயங்கியது. அந்த மாதக் கடைசியில் அதன்மேலும் எறிகணைகள் விழுந்தன. பின்னர் வன்னிக்குத் திரும்பிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்த முதற்பாடங்களில் ஒன்று நிலத்தைப் பார்த்து நட என்பது. தெரியாத பொருளைத் தொடாதே, மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைக்கு அப்பால் போகாதே, பாதையை விட்டு விலகாதே. மிதிவெடி இருந்த மண்ணில் அது உயிர் காத்த பாடம். அந்தப் பிள்ளைகள் இன்று தாய் தகப்பன். அவர்களின் பிள்ளைகளிடம்தான், நிலம் பந்தைத் திருப்பித் தரும், நிமிர்ந்து பார் என்று சொல்லப் போகிறோம். அதை அதட்டிச் சொல்லக்கூடாது.

எனவே விரல் காட்டும் பயிற்சியே நல்லது. ஆசிரியர் எதிரே நின்று கையை உயர்த்தி விரல்களைக் காட்டுவார். பிள்ளைகள் தட்டுவதை நிறுத்தாமல் எண்ணைச் சொல்லவேண்டும். மூன்று, ஐந்து, ஒன்று. முதலில் குரல் பிந்தி வரும். சிலருடைய பந்து விறாந்தையை விட்டு உருண்டோடும். எடுத்துவந்து மறுபடி தொடங்கட்டும். அடுத்த கிழமை ஆசிரியர் சற்றுத் தள்ளி நிற்பார். அதற்கடுத்த கிழமை நடந்துகொண்டே காட்டுவார். முப்பத்தைந்து முகங்களும் அவர் போகும் பக்கமெல்லாம் திரும்பும்.