பக்கத்து வீட்டைவிட ஒரு முழம் அதிகம்

இத்தாலியின் டஸ்கனியில், குன்றின்மேல் உட்கார்ந்திருக்கும் சான் ஜிமிஞ்ஞானோவில் ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். சாமிக்காகக் கட்டியவை அல்ல, பக்கத்து வீட்டுக்காரன் வயிறு எரிவதற்காகக் கட்டியவை. குங்குமப்பூ விற்றும் வட்டிக்கு விட்டும் சேர்ந்த பணம், நெருக்கடியான ஊரில் மேலேதானே போகும்?

ஆட்சியாளர் கோபுரத்தை யாரும் மிஞ்சக்கூடாது என்று 1255இல் சட்டம் வந்தது. போட்டி அதற்கெல்லாம் அடங்கவில்லை: பணக்கார சால்வுச்சி குடும்பம் இரட்டைக் கோபுரம் எழுப்பியது. அவர்களின் பரம வைரிகளான அர்திங்கெல்லிகள் சும்மா இருப்பார்களா? அவர்களும் இரட்டையாகவே எழுப்பினார்கள். கடைசியில் நகரசபையே 54 மீட்டரில் ஒன்றைக் கட்டி எல்லோரையும் மிஞ்சியது. சட்டம் ஊருக்குத்தான் போலிருக்கிறது.

1348இல் கொள்ளைநோய் வந்தது. 1353இல் ஊர் ஃபிளாரன்ஸின் காலில் விழுந்தது. அதன்பின் பழையதை இடித்துப் புதுப்பாணியில் கட்டக் கையில் காசில்லை. அந்தப் புண்ணியத்தில் 14 கோபுரங்கள் தப்பின. 1990இல் யுனெஸ்கோ அவை நிற்கும் பழைய நகரப்பகுதியை உலகப் பாரம்பரியம் என்றது.

இன்று சுற்றுலாக் கூட்டம் டிக்கெட் வாங்கி, மூச்சிரைக்க ஏறி, அடுத்தவர் தலைக்கு மேலே செல்ஃபிக் குச்சியை நீட்டுகிறது. போட்டியின் உயரம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய கட்டடங்களைக் காக்கத் திட்டம் தீட்டும் அரசுகளுக்கு இந்த ஊர் சொல்லும் ஆலோசனை எளிது: 'புதுப்பிக்க' நிதி ஒதுக்காதீர்கள், போதும்.