அரை அங்குலத்தின் மகிமை

மோட்டார் வண்டியை வீட்டிலேயே பழுதுபார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற சில ஆடவரைத் திடீரென்று பற்றிக்கொள்வது உண்டு. என் மனைவியின் தம்பியை அது பற்றிய வேளையில், மாத்தளையில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மொரிஸ் மைனர் நின்றுகொண்டிருந்தது அந்த வண்டியின் பூர்வ கர்மபலன் என்றே கொள்ள வேண்டும். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியல் மேதை உருவாக்கி, 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அரங்கேறிய அந்த வண்டி இனம், இலங்கையில் எத்தனையோ ஆசிரியர்களையும் வைத்தியர்களையும் சுமந்து, இன்றைக்கும் சில வீடுகளில் குடும்ப அங்கத்தினர் என்ற அந்தஸ்துடன் வாழ்ந்துவருகிறது.

அதன் பிரேக்குக்கு உயிர்நிலையான மாஸ்டர் சிலிண்டரை, கண்ணுக்கு எட்டும் இடத்தில் வைக்காமல், சாரதியின் பாதங்களுக்கு அடியில் பாதாளலோகத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பெடல் மெல்ல மெல்லத் தாழ்கிறது என்று கண்ட என் மைத்துனன், விரிப்பைத் தூக்கி, தரைத்தகட்டைக் கழற்றி, அந்தச் சிலிண்டரின் றப்பர் வொஷர்களை எல்லாம் மாற்றிப் பூட்டினான். ஒரு துளி ஓயில் கசியவில்லை; உள்ளபடி சொன்னால், அதுவரையில் அது பாராட்டுக்குரிய வேலைதான். ஆனால், முப்பது வருஷம் கணக்குப் பகுதியில் குமாஸ்தாவாக இருந்து, சர்க்காரின் வீண்செலவுகளைச் சிவப்பு மையால் வெட்டித் தள்ளியவன் அவன். பெடலை மிதிக்கையில், பிரேக் பிடிப்பதற்கு முன் அது அரை அங்குல தூரம் எந்தப் பிரயோசனமும் இன்றிச் சும்மா இறங்குகிறது என்பதைக் கண்டபோது அவனுடைய ஆத்மா பொறுக்கவில்லை.

“இந்த அரை அங்குலம் எதற்கு, அத்தான்? சுத்த நட்டம்!” என்றவன், பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள தள்ளுதண்டை நீட்டி, அந்த நட்டத்தை அடியோடு ஒழித்து, நட்டை இறுக்கிவிட்டான். விரல் பட்டாலே பிரேக் பிடித்தது. குடும்பமே மெச்சியது.

வந்த விருந்தினருக்குச் சீகிரியாவைக் காட்டுவதற்காக, மாமியார் முதலான பரிவாரங்களுடன் அந்த ரதத்தில் புறப்பட்டோம். நாலந்தை வரையில் வண்டி உற்சாகமாகவே ஓடியது. தம்புள்ளையை அடைந்தபோது அதற்கு ஒருவித வைராக்கியம் பிறந்திருந்தது. இனாமலுவைச் சந்தியில் வலப்புறம் திரும்பிய பின்போ, மேடென்று சொல்ல எதுவுமற்ற பாதையில், இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு, கருகிய லைனிங்கின் நாற்றத்தைத் தூபமாகப் போட்டபடி ஊர்ந்தது. பாரம் கூடிப்போயிற்று என்றாள் மனைவி. கண்ணூறு பட்டுவிட்டது, சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை என்றார் மாமியார். கார்புரேட்டரில் தூசி என்றான் மைத்துனன். பிரேக்காக இருக்குமோ என்று நான் மெதுவாகக் கேட்டேன். “பிரேக் பிடிக்காவிட்டால் அல்லவா அத்தான் பயம்? பிடிக்கிற பிரேக்குக்கு யாராவது பயப்படுவார்களா? அதுவும் யானை குறுக்கே வருகிற றோட்டில்!” என்று என் வாயை அடைத்தான்.

போர்க்களத்தில் சேறு கண்டு, சீகிரியாவை ஆண்ட காசியப்ப மன்னனின் யானை சற்றே ஒதுங்கியதைப் புறமுதுகு என்று எண்ணிப் படை சிதறியதாகவும், அதனால் அவன் உயிரும் அரசும் ஒருங்கே இழந்ததாகவும் வரலாறு சொல்லும். அத்தகைய பிரதேசத்தில் வாகனத்தை ஓரங்கட்டுவதற்கு யோசிக்கத்தான் வேண்டும். எனினும் ஒரு மரநிழலில் ஓரங்கட்டினோம். தேநீர் குடித்து முடிவதற்குள் வண்டி தானாகவே குணமாகி, தள்ளினால் உருளும் பக்குவத்துக்கு வந்திருந்தது. கார்புரேட்டரைத் தட்டியதன் பலன் என்று மைத்துனன் வெற்றிப் புன்னகை பூத்தான். அந்தப் புன்னகை மறையுமுன் வண்டி மறுபடியும் நின்றது.

நல்வினைப்பயனாக, நாங்கள் நின்ற இடம் கிம்பிஸ்ஸையில் ஒரு சிறிய கராஜுக்கு அருகில். அங்கிருந்த வயோதிகரான பாஸ், புகை கக்கிய பிரேக் டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்ற ஓடிய மைத்துனனின் கையைப் பிடித்து நிறுத்தினார். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் அது வெடித்துவிடும். பிறகு ஜாக்கை வைத்து ஒவ்வொரு சில்லாகத் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்தார். ஒரு சில்லு மட்டும் இறுகினால் அதன் சிலிண்டரையோ ஹோஸையோ சந்தேகிக்கலாம். பின்சில்லுகள் மட்டும் என்றால் கைபிரேக் கேபிளை விசாரிக்கலாம். நான்கும் ஒருமித்து இறுகியிருந்தபடியால், குற்றவாளி நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, தூக்கி நிறுத்தியிருந்த சில்லின் பின்புறத்து நிப்பிளில் ஸ்பனரை வைத்துக் கால் திருப்புத் திருப்பினார். ‘சர்ர்’ என்று ஓயில் பீறிட்டது. அடுத்த கணம் அந்தச் சில்லு ஒற்றை விரலுக்கு இணங்கிச் சுற்றியது. மற்ற மூன்றையும் தொடாமலேயே அவையும் விடுதலை பெற்றிருந்தன. பாஸ் ஒன்றும் பேசாமல் விரிப்பைத் தூக்கி, பெடலைக் கையால் அமுக்கி, “பிளே இல்லையே, மாத்தயா. யார் கைவைத்தது?” என்று கேட்டார். மைத்துனன் சீகிரியாக் குன்றின் திசையை ரசிக்கத் தொடங்கினான்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஓயில் தொட்டிக்குப் போகும் ஊசித்துளை ஒன்று உண்டு. பிஸ்டன் முற்றிலும் பின்வாங்கி ஓய்ந்திருக்கும்போது மாத்திரமே அது திறந்திருக்கும். உஷ்ணத்தால் விரிந்த ஓயில் அதன் வழியே தொட்டிக்குத் திரும்பும். தண்டு பிஸ்டனைச் சதா முட்டிக்கொண்டிருந்தால், துளை அடைபட்டு, விரிந்த ஓயில் போக்கிடமின்றிப் பிரேக் ஷூக்களைத் தள்ள, அவை டிரம்மில் உரசி இன்னும் சூடேற, ஓயில் இன்னும் விரிய, வண்டி தன் பிரேக்கைத் தானே மிதித்துக்கொள்ளும். ஆறினால் ஓயில் சுருங்கும், பிடியும் தளரும். கார்புரேட்டருக்குக் கிடைத்த கீர்த்தி இப்படி வந்ததுதான்.

அன்று மாலை சீகிரியாவின் நீர்த்தோட்டத்தில் நின்றபோது, அந்தத் துளையே என் சிந்தையில் இருந்தது. திரவத்தின் அமுக்கத்துக்கு விதி வகுத்த பாஸ்கல் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னர், 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காசியப்பனின் சிற்பிகள் நிலத்தடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி, சுண்ணக்கல் பலகைகளில் துளையிட்டு நீரூற்றுகள் அமைத்தார்கள். மழைக்காலத்தில் அவை இன்றும் பொங்குகின்றன. உந்துகிற விசைக்கு ஒரு வாசல் விட வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். குடும்பத்திலும் காரியாலயத்திலும் நாம் வீண் என்று கருதி ஒழித்துக்கட்டும் சிறிய இடைவெளிகளில் எத்தனை, உண்மையில் எல்லாவற்றையும் ஓட வைத்துக்கொண்டிருந்தனவோ!

கராஜில் நட்டைத் தளர்த்தித் தண்டைச் சுருக்கிய பாஸ், திருப்பியதற்குக் காசு வேண்டாம், நான்கு சில்லையும் தூக்கி இறக்கியதற்குத் தந்தால் போதும் என்றார். என் மைத்துனன் மறுப்பின்றிக் கொடுத்தான். இரவு வீடு திரும்பியதும் வழக்கப்படி நோட்டுப் புத்தகத்தை விரித்து, கொடுத்த தொகையைச் செலவுப் பத்தியிலும், திரும்பப் பெற்ற அரை அங்குலத்தை வரவுப் பத்தியிலும் பதிந்து, கீழே இரட்டைக் கோடிட்டுக் கணக்கை முடித்தான்.