டூயல் பூட் அண்ணன்

சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பென்டிரைவ் வைத்திருப்பவர் யாரையாவது பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் செய்தி அவர் காதுக்கு எட்டாதவரை ஆபத்தில்லை. எட்டிவிட்டால், "என்ன ஓ.எஸ். ஓடுது?" என்று ஆரம்பிப்பார். "விண்டோஸ்" என்பீர்கள். "விண்டோஸ் மட்டுமா?" என்பார். அந்த "மட்டுமா"வுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தீர்களோ, வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது அல்ல.

அவர்தான் டூயல் பூட் அண்ணன். பாலிடெக்னிக் விரிவுரையாளர், மின்வாரிய இளநிலைப் பொறியாளர், வங்கி ஊழியர் என்று எந்த வேடத்திலும் வருவார். தொழில் வேறு, தொண்டு வேறு. ஒரு கம்ப்யூட்டரில் ஒரே ஒரு இயங்குதளம் தனியாக இருப்பதைக் காண அவருக்குப் பொறுக்காது. பக்கத்தில் இன்னொன்றைக் குடிவைத்துவிட்டுத்தான் மறுவேலை. காசு வாங்கமாட்டார். வாங்கியிருந்தால் அப்புறம் திட்டவாவது நமக்கு உரிமை இருந்திருக்கும்.

லினக்ஸ் பக்தரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பக்தர் வந்தால் விண்டோஸைத் தூக்கி எறியச் சொல்வார். நாம் "முடியாது சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடலாம். அண்ணன் எதையும் எறியச் சொல்வதில்லை. "அது பாட்டுக்கு அது இருக்கும், இது பாட்டுக்கு இது இருக்கும்" என்பார். இதற்கு என்ன மறுப்புச் சொல்ல முடியும்? கதவைத் திறந்துவிட வேண்டியதுதான்.

எங்கள் தெருவில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக் கணினியில் அண்ணன் கைவைத்த நாளில் நடந்த உரையாடல் பதிவு செய்து வைக்கத்தக்கது.

"சார், இது ஒண்ணுமே இல்ல. பாகப்பிரிவினைன்னு வச்சுக்குங்க. ஹார்ட் டிஸ்க்தான் பூர்வீக வீடு. விண்டோஸ் மூத்தவர், லினக்ஸ் இளையவர். நடுவுல ஒரு சுவர் எடுக்கிறோம்."

"அளந்துதானே எடுப்பீங்க?"

"ஜிபி கணக்கா அளந்து, பார்ட்டிஷன் டேபிள்ல எழுதிடுவோம் சார்."

"சரி, பதிவாயிடும். வாசல்?"

"ஒரே வாசல்தான். அங்க க்ரப்னு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். யார் வீட்டுக்குப் போகணும்னு கேட்பார். பத்து விநாடிக்குள்ள சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"இளையவர் வீட்டுக்கு அனுப்பிடுவார்."

"மூத்தவர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இளையவர் வீட்டுக்கா?"

"மூத்தவருக்கு இளையவர் இருக்கிறதே தெரியாது சார். இளையவர் மூத்தவரோட அறைக்குள்ள போய் எதையும் எடுக்கலாம், வைக்கலாம். மூத்தவர் மட்டும் இளையவரோட அறையை எட்டிப் பார்த்தார்னா, 'இது காலி மனை, ஃபார்மட் பண்ணட்டுமா'ன்னு கேட்பார். அப்ப மட்டும் சரின்னு சொல்லிடாதீங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் சர்வீஸ்ல இந்த மாதிரி சொத்து எத்தனையோ வந்திருக்கு தம்பி. கடைசியில எல்லாம் கோர்ட்டுக்குத்தான் போச்சு."

அதற்குள் பென்டிரைவ் செருகப்பட்டுவிட்டது.

இந்தத் தொண்டு எப்படி ஆரம்பித்தது என்று அண்ணனைக் கேட்டால், ஒரு காலத்தைப் பற்றிப் பேசுவார். உபுண்டுக்காரர்கள் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவைக்கூடத் தாங்களே ஏற்று இலவசமாக சி.டி. அனுப்பினார்கள். அந்த அட்டை உறைகள் அண்ணன் வீட்டு அலமாரியில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அதே 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதில் ஒருபுறம் விண்டோஸ். மறுபுறம் சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ். "அரசாங்கமே டூயல் பூட் போட்டுக் குடுத்த ஊர் சார் இது!" என்று சொல்லும்போது அண்ணனின் குரல் தழுதழுக்கும். பையன்கள் தொடக்கத் திரையின் பாஸ் லினக்ஸ் வரியில் எத்தனை தடவை என்டர் தட்டினார்கள் என்று கேட்டு அவர் மனதை நோகடிக்கக் கூடாது. தட்டலாம் என்று இருந்ததே, அதுதான் அவருக்குக் கணக்கு.

அண்ணனின் உலகத்தைப் புரிந்துகொள்ள, க்ரப் கேள்வி கேட்கும் அந்தக் கறுப்புத் திரையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதல் வரி உபுண்டு. அதற்குக் கீழே மேம்பட்ட தேர்வுகள். அதற்குக் கீழே நினைவகச் சோதனை, இரண்டு வகையில். எல்லாவற்றுக்கும் அடியில் விண்டோஸ். பதிவு அலுவலகப் பெரியவர் கணினியைப் போட்டுவிட்டுக் காபி எடுக்கப் போவார். வருவதற்குள் பத்து விநாடி முடிந்து உபுண்டு சிரித்துக்கொண்டு நிற்கும். அணைத்துவிட்டு மறுபடி போடுவார். இப்போது கீழ் அம்புக்குறியை எண்ணித் தட்ட வேண்டும். அவர் மனைவி ஒரு தட்டுக் குறைவாகத் தட்டி, மத்தியானம் முழுக்க நினைவகச் சோதனையை ஓடவிட்டார். திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்து, மின்கட்டணம்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பிச் சமையலை முடித்தார்.

அடுத்தது கடிகாரத் தகராறு. கணினிக்குள் பட்டன் பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்றுதான். அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நம் நாட்டில் ஐந்தரை மணி நேரம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், அண்ணன் வந்துபோன மறுநாள் காலை பத்து மணிக்குக் கொடுத்த ரசீதில் நேரம் அதிகாலை நாலரை என்று விழுந்தது. "அவ்வளவு காலையில கடை திறந்திருந்தீங்களா?" என்று வாடிக்கையாளர் மெச்சிவிட்டுப் போனார். அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "ஒரே ஒரு கமாண்ட்தான்" என்றார். அண்ணனின் அகராதியில் எல்லா நோய்க்கும் ஒரே ஒரு கமாண்ட்தான். அது எது என்று கண்டுபிடிக்கத்தான் மாலை ஆகும்.

அந்த ஜெராக்ஸ் கடையில் நடந்தது அதோடு நிற்கவில்லை. மாவட்ட ஆட்சியருக்கு மனு அடிக்க ஒரு பாட்டி வந்தார். பழைய மனுவில் தேதியை மட்டும் மாற்றினால் போதும். கணினியோ அன்று இளையவர் வீட்டுக்குப் போயிருந்தது. கோப்பைத் திறந்தால், பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் முழுதும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கிறது. கடைக்காரர் போன் போட்டார். "யூனிகோடுல அடிச்சிருக்கணும்ணே" என்றார் அண்ணன். சரியான பேச்சு, மறுக்க இடமில்லை. பாட்டி அதுவரை கையில் பத்து ரூபாயோடு நின்றுகொண்டிருந்தார்.

புது மடிக்கணினியாக இருந்தால் சோதனையும் புதிது. பூட் ஆகும் வழியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று விண்டோஸுக்குச் சந்தேகம் வந்துவிட்டால், பிட்லாக்கர் வந்து மீட்பு எண் கேட்கும். 48 இலக்கம். கல்லூரியில் படிக்கும் மகளின் மடிக்கணினியில் இது வந்து நின்றபோது அப்பா திகைத்துப் போனார். ஆதாருக்கே 12 இலக்கம்தான். வீட்டில் நாலு பேர் ஆதாரையும் வரிசையாக அடித்தால் சரியாக 48 வருகிறதே என்று அவர் அடித்தும் பார்த்தார். கணக்கு சரி, கதவுதான் திறக்கவில்லை.

என்றாவது ஒருநாள் அதைவிடப் பெரிய விபத்தும் நடக்கும். நிறுவும்போது திரையில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து வரும். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்பது ஒன்று. டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு என்பது இன்னொன்று. அண்ணனோ ஒரு கையில் டீயோடு, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். சுட்டி ஒரு விரற்கடை தவறும். டி டிரைவில் இருந்த காதுகுத்துப் படங்கள் காற்றோடு போகும்.

அப்போதுதான் அண்ணன் தன் மிகப் பெரிய ஆறுதலை எடுப்பார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் ஹெல்சிங்கியில் ஒரு 386 கணினி வாங்கினார். மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஃபிளாப்பிகள் வந்து சேரும்வரை டாஸில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா விளையாடிக்கொண்டிருந்தார். பிறகு மினிக்ஸ் வந்தது. அதை வைத்துத் தன் லினக்ஸை எழுதினார். ஒருநாள் மோடத்தை வைத்துப் பல்கலைக்கழகக் கணினிக்கு டயல் செய்யப் போனவர், கைதவறி ஹார்ட் டிஸ்க்குக்கே டயல் செய்துவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி பாழானது. திரும்ப அதைப் போடுவானேன் என்று லினக்ஸிலேயே தங்கிவிட்டார்.

"பார்த்தீங்களா சார்? அன்னைக்கு அது அழியலைன்னா இன்னைக்கு லினக்ஸே இந்த அளவுக்கு வந்திருக்காது!" என்று முடிப்பார் அண்ணன். காதுகுத்துப் படங்களைப் பறிகொடுத்த தாய், உலக வரலாற்றுக்குத் தன் பங்காக என்ன செய்துவிட்டோம் என்று புரியாமல் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.

இவ்வளவு செய்கிறவரின் சொந்தக் கணினி எப்படி இருக்கும்? திறந்ததும் ஒன்பது வரிகள். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், ஆர்ச் என்று வரிசையாக நிற்கும். அடியில் விண்டோஸ். லினக்ஸில் என்ன செய்வார் என்றால், வைஃபை ஏன் வரவில்லை என்று பார்ப்பார். அதற்கு வழி தேட இணையம் வேண்டும். ஆகவே விண்டோஸுக்குப் போவார். வழி கிடைத்ததும் லினக்ஸுக்குத் திரும்புவார். கட்டளையில் பாதி மறந்திருக்கும், மறுபடி விண்டோஸ். இரண்டு இயங்குதளத்தையும் இவ்வளவு சமமாகப் பயன்படுத்துகிற மனிதர் அவர் ஒருவர்தான். ஒரு கடிதம் அடித்தார், ஒரு கணக்குப் போட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டதில்லை. அவர் உண்மையில் குடியிருப்பது விண்டோஸிலும் இல்லை, லினக்ஸிலும் இல்லை. அந்தப் பத்து விநாடியில்.

அதனால்தான் காலம் மாறியதை அவரால் தாங்க முடியவில்லை. 2016-இல் விண்டோஸ் தனக்குள்ளேயே லினக்ஸ் நிரல்களை ஓட்ட இடம் கொடுத்தது. 2019-இல் அறிவித்த அடுத்த பதிப்பில் லினக்ஸ் கெர்னலே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. லினக்ஸை நேசிக்கிறவராக இருந்தால் வெடி வெடித்திருக்க வேண்டும். அண்ணனோ இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. "சுவரே இல்லாம அது என்னங்க குடும்பம்?" என்றார். பிறகு 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, டூயல் பூட் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸை எழவிடாமல் செய்தபோதுதான் அவர் முகத்தில் பழைய களை திரும்பியது. பென்டிரைவோடு தெருத் தெருவாகப் போய் வந்தார்.

அவருக்கு ஒரு பொற்காலம் வந்தே தீரும் என்று இருந்தது, வந்தும் விட்டது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பழைய கணினிகள் பலவற்றில் அது கிடையாது. எல்லோரும் அண்ணனைத் தேட ஆரம்பித்தார்கள். தையல் வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர் தன் பழைய கணினியை மேசை மேல் வைத்து, அண்ணன் இருபது வருஷமாகக் கேட்கத் தவம் கிடந்த வார்த்தையைச் சொன்னார்.

"தம்பி, விண்டோஸே வேணாம். உன்னோடதையே முழுசாப் போட்டுக் குடுத்துடு."

அண்ணன் பென்டிரைவைச் செருகினார். அந்த இரண்டு வரிகள் வந்தன. டிஸ்க்கை அழிக்கும் வரி மேல் சுட்டியைக் கொண்டுபோனார். இதுவரை டீக்கையோடு அலட்சியமாகத் தவறவிட்ட வரி. இன்று விரல் இறங்க மறுத்தது.

"அக்கா, திடீர்னு ஏதாவது தேவைப்பட்டா?"

"எனக்கு என்ன தேவைப்படப் போகுது? யூடியூப்ல டிசைன் பார்ப்பேன், பிரிண்ட் எடுப்பேன்."

"அதுக்கில்லக்கா. ஒரு ஓரமா ஐம்பது ஜிபி விண்டோஸுக்கு விட்டு வைப்போம். அது பாட்டுக்கு அது இருக்கும். நீங்க எதுல போகணும்னு கம்ப்யூட்டர் உங்களைக் கேட்கணும் இல்ல?"

"அதான் இப்பவே சொல்லிட்டேனே தம்பி."

"இப்பச் சொன்னா போதாதுக்கா. தினமும் காலையில பத்து விநாடி யோசிச்சுச் சொல்லணும்."